மூன்றுக்கு முன்னால் ஆறு

1987 ஆகஸ்ட் 11, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, ஐஸ் ஃபேக்டரியின் பின்பக்கத் தெருவில் இருந்த தகரக் கூரை ஒர்க்‌ஷாப்பில், ஆறு சிலிண்டர் பெட்ரோல் லாரி ஒன்று புது பிளக் வயர்களுடன் ஸ்டார்ட் செய்யப்பட்டது. முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது.

அப்போது அங்கே மூன்று பேர் இருந்தார்கள். ஓட்டுநர் இருக்கையில் மாப்பிள்ளை. ரேடியேட்டருக்கு எதிரே, வெள்ளைச் சட்டையில் எண்ணெய் பட்டுவிடாதபடி இரண்டடி தள்ளி, ஐஸ் ஃபேக்டரி மேனேஜர். இரும்புத் தூணில் சாய்ந்தபடி காதுக்காரர். என்ஜின் பிடித்த சத்தம் மூவருக்கும் கேட்டது. காதுக்காரருக்கு மட்டும், மாப்பிள்ளையின் கை சாவியைத் தொடும் முன்பே கேட்டது.

ஒரு மூச்சு நேரம்தான் வித்தியாசம். சத்தம் வந்தது. பிறகுதான் மாப்பிள்ளையின் மணிக்கட்டு திரும்பியது. பிறகுதான் பானெட்டின் விளிம்பு நடுங்கத் தொடங்கியது. தூக்கம் சரியில்லை, அதனால்தான் என்று அவர் எண்ணிக்கொண்டார். தவிர, அப்போது அவரைத் தின்றுகொண்டிருந்தது வேறொரு விஷயம். அந்த என்ஜின் ஓடியிருக்கவே கூடாது.

இருபத்திரண்டு வருடமாக அந்தத் தெருவில் அவருக்குக் காதுக்காரர் என்றுதான் பெயர். ஸ்க்ரூ டிரைவரின் நுனியை என்ஜினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார். எந்த வால்வு தளர்ந்திருக்கிறது, எந்த பேரிங் தேய்கிறது என்று சொல்லிவிடுவார். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே, "நாலாவது பிளக் கறுத்திருக்கு, வரச் சொல்லு" என்பார். கழற்றிப் பார்த்தால் கறுத்துத்தான் இருக்கும். டாக்டரிடம் கைநாடியைக் கொடுப்பதுபோல ஓட்டுநர்கள் அவரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு எதிரே கைகட்டி நிற்பார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் தங்கச்சிக்குக் கல்யாணம் செய்துவைத்தார். அப்பா அம்மா போன பிறகு அவர் தூக்கி வளர்த்த தங்கச்சி. அவளுக்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் அதை மறந்தே போயிருந்தார். வந்தவனுக்கும் மெக்கானிக் வேலை. ஒர்க்‌ஷாப்பின் பின்சுவரும் வீட்டின் முன்சுவரும் ஒன்று. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவனைத் தெருவும் மாப்பிள்ளை என்றே கூப்பிடத் தொடங்கியது. "உங்க வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தாரு, கடைக்கே மாப்பிள்ளையா ஆயிட்டாரே!" என்று ஒரு டிரைவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். காதுக்காரரும் சிரித்தார். அன்று இரவு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாப்பிள்ளைக்குக் காது கிடையாது. அவனே அதைச் சொல்வான். "எனக்கு உங்க மாதிரி கேட்காது மச்சான், நான் பாத்துத்தான் செய்யணும்." பிளக் வயர் மாற்றும்போது ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் புதியதை மாட்டிய பிறகுதான் அடுத்ததைத் தொடுவான். ஒவ்வொரு வயரிலும் சிவப்பு நூல் கட்டுவான். ஒன்றாம் வயருக்கு ஒரு முடிச்சு, இரண்டாம் வயருக்கு இரண்டு முடிச்சு, இப்படி ஆறு வரை. நூல் தங்கச்சியின் தையல் பெட்டியிலிருந்து வரும். பல நாள் அவளே முடிச்சுப் போட்டுக் கொடுப்பாள். ஜன்னல் கம்பி வழியாக நீளும் அவள் கையில் ஆறு சிவப்புத் துண்டுகள் தொங்கும். முன்பெல்லாம் அந்தக் கை டார்ச் லைட் பிடித்தபடி நீண்டது அண்ணனுக்காக.

வயிற்றெரிச்சல் என்றால் எரிந்து அடங்கிவிடும். இது பேட்டரி முனையில் பூக்கும் வெள்ளைப் பூஞ்சைபோல. சத்தமில்லை, சூடில்லை, நாளுக்கு நாள் ஒரு மயிரளவு ஏறியது. ஐஸ் மேனேஜர் இந்த லாரியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "மாப்ள கையே படட்டும், காதுக்காரரே, நீங்க சும்மா கேட்டுக்கிட்டு இருங்க" என்று சொன்ன அன்றுதான் அது உலோகத்தைத் தொட்டது.

செவ்வாய் காலை மாப்பிள்ளை ஜன்னலோரம் டீ குடிக்கப் போன ஐந்து நிமிடத்தில் காதுக்காரர் பானெட்டுக்குள் குனிந்தார். ஆறு சிலிண்டரும் நின்ற வரிசைப்படி வெடிப்பதில்லை. நீளப் பலகையில் ஆறு பேர் நிற்கும்போது, பலகை ஆடாமலிருக்க இந்த முனையில் ஒருவன், அந்தப் பக்கத்தில் ஒருவன் என்று முறைவைத்துக் குதிப்பதுபோல, ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நான்கு. ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் வயர்களும் அந்த முறையில்தான் நிற்க வேண்டும். அவர் மூன்றையும் ஆறையும் பிடுங்கி இடம் மாற்றிக் குத்தினார். முடிச்சு நூல்களையும் அவிழ்த்து மாற்றிக் கட்டினார். இனி ஸ்டார்ட் செய்தால் என்ஜின் இருமும், உதறும், கார்புரேட்டர் வழியாகக் குரைக்கும். மேனேஜரின் வெள்ளைச் சட்டையில் கரி பறக்கும். அவர் மெதுவாகப் போய்க் காதை வைத்து, "மூணும் ஆறும் மாறியிருக்கு மாப்ளே" என்று எல்லோரும் கேட்கச் சொல்வார். அவ்வளவுதான் அவர் கேட்டது. ஒரு காலைப்பொழுது.

ஆனால் என்ஜின் ஓடியது. ஒரு திக்கலில்லாமல் ஓடியது.

"என்னய்யா இது, தையல் மெஷின் மாதிரி ஓடுது!" மேனேஜர் பானெட்டைத் தட்டினார். "காதுக்காரரே, உங்க காது என்ன சொல்லுது?"

"ஓடுது."

"ஓடுதுன்னா? நல்லா ஓடுதா, சும்மா ஓடுதா?"

"நல்லாத்தான் ஓடுது."

"பாத்தியா மாப்ளே, உங்க மச்சான் வாயிலேருந்து ஒரு 'நல்லா'வைப் பிடுங்கறதுக்குள்ள என் ஐஸ் பாதி உருகிடும்."

மாப்பிள்ளை சிரித்தான். அந்தச் சிரிப்பின் சத்தமும் அவன் உதடு விரிவதற்கு ஒரு மூச்சு முன்னதாக வந்தது.

ரேடியேட்டர் குழாய் ஒன்று கசிந்ததால் லாரி அன்று ஒர்க்‌ஷாப்பிலேயே நின்றது. புதுக் குழாய் போட்டு, மறுநாள் மதியம் ஐஸ் ஏற்றிக்கொண்டு சரிவுச் சாலையில் இறங்க வேண்டும். முதல் நடைக்கு மாப்பிள்ளையே ஓட்டிப் போவதாகப் பேச்சு.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அடுப்படியிலிருந்து தங்கச்சியின் குரல் வந்தது. "வேணாம்னா வேணாம்னு சொல்லேன், அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குற?"

அவர் நிமிர்ந்தார். அவள் அப்போதுதான் கரண்டியோடு வந்துகொண்டிருந்தாள். தட்டின் மேல் குனிந்தாள். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று அவள் வாய் கேட்டது, வாய் மட்டும். சத்தம் வரவில்லை. அவர் தலையை ஆட்டினார். அவள் முகம் சுருங்கியது. ஏற்கனவே அவர் காதில் விழுந்துவிட்ட அந்த வாக்கியத்தை உதடுகள் ஒவ்வொரு வார்த்தையாக, சத்தமில்லாமல், சொல்லி முடித்தன.

கை கழுவும்போது பின்னால் தட்டு ஒன்று சிமெண்ட் தரையில் விழுந்து, சுழன்று, அடங்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். தட்டு அலமாரியில் இருந்தது. விளிம்பு சற்று வெளியே நீட்டியிருந்தது. ஈரக் கையோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அறையில் அடுப்பின் வெக்கை, சோப்பு வாசனை, ஜன்னல் வழியாக வரும் ஈர மரத்தூளின் மணம், ஃபேக்டரியில் ஐஸ் பாளங்களை அதில்தான் பொதிவார்கள். சுவர்க் கடிகாரத்தின் நொடி முள் இரண்டு முறை சுற்றி வந்தது. தங்கச்சி அலமாரியைக் கடந்தாள். முழங்கை பட்டது. தட்டு விழுந்தது, சுழன்றது, அடங்கியது. பஞ்சில் விழுந்ததுபோல.

எடுத்து வைத்திருக்கலாமே என்று பிறகுதான் தோன்றியது. இரண்டு நிமிடம் இருந்தது. கை நீட்டினால் எட்டும் தூரம். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டுக்கொண்டார். விழுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

சாயங்காலத்துக்குள் அவருக்கு ஒன்று புரிந்துவிட்டது. எந்த ஓட்டை என்ஜினையும் விதி பிசகாமல் படித்த மனிதர், இதையும் படித்தார். சத்தம் முன்னால் வருகிறது. நடப்பது பின்னால் வருகிறது, ஊமையாக. இடைவெளி ஒரே சீராக வளரவில்லை. பல் உடைந்த கியர்போல நழுவி நழுவித் தாவியது. தெருவில் சைக்கிள் மணி அடிக்கும், ஆளிருக்காது; பத்து நிமிடம் கழித்து ஒருவன் சத்தமில்லாமல் மணியடித்தபடி ஓட்டிப்போவான். மூன்றுக்கு முன்னால் ஆறு. தான் மாற்றிக் குத்திய வயர்கள் லாரியை ஒன்றும் செய்யவில்லை; தன் காதுக்குள் இறங்கிவிட்டன என்று நினைத்தார். நினைத்த உடனே, அந்தப் பயத்துக்கு நடுவிலும், வேறொரு நினைப்பு குறுக்கே வந்து நின்றது. இந்தக் கோளாறுகூட அவனைத் தொடவில்லை பார்.

புதன் காலை ஏழு மணிக்கு ஒர்க்‌ஷாப்பைத் திறந்தார். யாருமில்லை. தகரத்தின் ஆணி ஓட்டைகளிலிருந்து வெளிச்சம் கம்பி கம்பியாக இறங்கி, லாரியின் பானெட்டில் காசுபோல விழுந்திருந்தது. பெட்ரோல், பழைய கிரீஸ், ஈரத் துணி. அவர் வயர்களை முறைப்படி மாட்டிவிட்டு இந்தப் பீடையிலிருந்து தப்பிவிடலாம் என்றுதான் வந்தார். பானெட்டில் கை வைத்தபோது மாப்பிள்ளையின் குரல், முதுகுக்குப் பின்னால், மிக அருகில்:

"மச்சான், ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கக் கூடாது. நேத்து மூணும் ஆறும் மாறியிருந்துச்சு. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒருதடவ கையால ஒவ்வொரு வயரையும் தொட்டுப் பாப்பேன்ல, அப்பத்தான் தெரிஞ்சுது. மாத்திட்டேன்."

திரும்பினார். வெற்று ஷெட்.

"யார்கிட்டயும் சொல்லல. இவகிட்டகூடச் சொல்லல. டீ நேரத்துல கை தவறியிருக்கும். உங்களுக்குத் தெரியாத என்ஜினா?"

பிறகு இன்னொரு குரல். வறண்டு, தாழ்ந்து, பல்லிடுக்கில் வந்த குரல். அது தன் குரல்தான் என்று அவருக்குத் தெரிய ஒரு கணம் ஆயிற்று.

"சரி சரி, போ. வேலையப் பாரு."

பானெட்டைத் தூக்கினார். மூன்று மூன்றில் இருந்தது. ஆறு ஆறில் இருந்தது. நூல்களில் முடிச்சுகள் சரியாக இருந்தன. நேற்று அந்த என்ஜின் ஓடியதில் தப்பே இல்லை. வயரில் இல்லை என்றால், மாறிக் கிடப்பது எது?

கால்மணி நேரம் கழித்து மாப்பிள்ளை தோளில் துண்டோடு வந்தான். தயங்கினான். தலையைச் சொறிந்தான். பேசினான். காதுக்காரர் அந்த ஊமை வாயையே பார்த்துக்கொண்டு, தன் பற்களை இறுகக் கடித்து, உதட்டை மடித்துக்கொண்டார். இந்த முறை சொல்லக் கூடாது. ஒரு வார்த்தையும் வரக் கூடாது. மாப்பிள்ளை பேசி முடித்தான். காத்திருந்தான். பிறகு அவன் முகம் மெல்ல வாடியது. பதில் கேட்டுக்கொண்டவனைப்போலத் தலையை அசைத்து, வேலையைப் பார்க்கப் போனான்.

யார் சொன்னது அது?

அந்தக் கேள்வியைவிட ஆழமாக வேறொன்று குத்தியது. மன்னித்துவிட்டான். இருபத்திரண்டு வருடம் தொழில் செய்தவரை, மூன்று வருடத்துக்காரன், சின்னப் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிடுவதுபோலத் துடைத்துவிட்டுப் போகிறான். ஊரெல்லாம் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தெருவில் நிறுத்திச் சட்டையைப் பிடித்திருந்தால் தாங்கியிருப்பார்.

பத்தரை மணிக்கு வீட்டுக்குள் போனார். தங்கச்சி ஜன்னலோரம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவர் சட்டைப் பித்தானைக் காட்டினார். கழற்ற வேண்டாம், அப்படியே நில்லு என்று அவள் கை சொன்னது. சின்ன வயதில் அவர் அவளுக்குத் தைத்துக் கொடுத்ததுபோலவே, அவர் மார்பருகே குனிந்து ஊசியை ஏற்றினாள். தலைமுடியில் சோப்பு வாசனை. மூன்று வருடத்தில் அவள் இவ்வளவு கிட்டத்தில் நின்றதில்லை. காதில் எந்தச் சத்தமும் இல்லை. கிணற்றடி நீரின் குளிர்ந்த அமைதி. கொஞ்ச நேரம் அவர் எல்லாவற்றையும் மறந்து நின்றார்.

அப்போது அமைதி மாறியது. காலியிடத்தின் அமைதியாக இருந்தது, ஆட்கள் காத்து நிற்கும் இடத்தின் அமைதியாயிற்று. யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். "ஹும்" என்று ஓர் ஆணின் முக்கல், பாரம் தூக்குபவனுடையது. உடனே ஓர் என்ஜின் ஒரே ஒருமுறை குரைத்தது. இரும்பு எதையோ அடித்தது. பிறகு இரும்பு மேல் வேறெதுவோ விழுந்தது, மந்தமாக. மறுபடி அமைதி.

பிறகு அவள்.

"ஏங்க… ஏங்க… ஏங்க…"

அவர் குனிந்து பார்த்தார். அவர் மார்பில் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது. உதடுகளுக்கிடையே நூல் நுனி.

"ஏங்க, என்னப் பாருங்க… ஐயோ, கண்ணத் திறங்க… ஏங்க!"

அந்த அலறல் அறையில் இல்லை. அவர் மண்டைக்குள் இருந்தது. ஆனால் அவள் தலை உச்சியிலிருந்து எழுவதுபோல இருந்தது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பித்தானை இழுத்துப் பார்த்தாள். நிமிர்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, "என்ன?" என்று புருவத்தை உயர்த்தினாள். அவள் குரல் உள்ளே தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தது.

ஏங்க. அண்ணனை அவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அண்ணன் "அண்ணே", அண்ணன் "நீ, வா, போ". உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் அந்த "ஏங்க".

இன்று மதியம் சரிவுச் சாலை. பிரேக். வளைவு. அந்த முக்கல், ஸ்டீயரிங்கைத் திருப்பப் பார்த்தவனுடையது. அவர் கணக்குப் போட்டுவிட்டார். மாப்பிள்ளை லாரியோடு போய்விடுவான்.

சொல்ல வேண்டும். முதலில் அதுதான் வந்தது. அதை மறுத்துச் சொல்ல முடியாது. ஆனால் அதோடுகூட இன்னொன்றும் வந்தது. மனதின் ஒரு மூலையில், இத்தனை நாள் குந்தியிருந்த எவனோ ஒருவன், நிம்மதியாகக் காலை நீட்டிக்கொண்டான். அதற்கும் பின்னால், வெட்கமே இல்லாமல், ஒரு கேள்வி: நான் செத்தால் இப்படி அழுவாளா?

வீட்டை விட்டு வெளியே வந்தார். சொன்னால் யார் நம்புவார்கள்? பொறாமையில் உளறுகிறார் என்பார்கள். மூன்றும் ஆறும் எப்படி மாறின என்ற பேச்சும் கூடவே வரும். லாரி போகாமல் இருந்தால் போதும். லாரி ஸ்டார்ட் ஆகாமல் இருந்தால் போதும்.

மாப்பிள்ளை ஷெட்டுக்கு வெளியே குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான். ரேடியேட்டர் குழாய் மாற்றியாயிற்று. பானெட் திறந்தே கிடந்தது. காதுக்காரர் இரண்டு கையையும் உள்ளே விட்டார். மூன்றைப் பிடுங்கினார். ஆறைப் பிடுங்கினார். காதில் இப்போது அழுகை மட்டும் இல்லை. காலடிகள், பல குரல்கள், யாரோ "தண்ணி கொண்டா, தண்ணி" என்றார்கள். மூன்றை ஆறில் குத்தினார். ஆறை மூன்றில் குத்தினார். நன்றாக அழுத்தினார். என்ஜின் பிடிக்காது. ஐஸ் உருகும். மேனேஜர் கத்துவார். மாப்பிள்ளை எல்லோர் முன்னாலும் விழித்துக்கொண்டு நிற்பான், உயிரோடு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அவன் உயிரைத் தான்தான் காப்பாற்றினோம் என்பது ஒருநாளும் அவனுக்குத் தெரியாது. அந்தக் கடனை அவன் திருப்பித் தரவே முடியாது. அந்த நினைப்பு இனித்தது.

கடன் என்று தோன்றியதற்காக அவர் பின்னாளில் வெட்கப்பட்டார். மற்றதற்கு அல்ல.

பதினொன்றரைக்கு மேனேஜர் வந்தார். தெருவில் தள்ளுவண்டிகளில் ஐஸ் பாளங்கள், சாக்குக்குள், சொட்டச் சொட்ட. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தான். சாவி திரும்பியது. பானெட் உதறியது, நின்றது. உதறியது, நின்றது. எதுவும் கேட்கவில்லை. காதுக்காரர் தூணில் சாய்ந்து, ஊமைப் படம் பார்ப்பதுபோலப் பார்த்தார். மேனேஜரின் கை ஆடியது. சாக்கிலிருந்து நீர் கோடாக ஓடி ஷெட்டின் வாசலைத் தொட்டது. மாப்பிள்ளை இறங்கினான், கார்புரேட்டரைத் திறந்தான், ஊதினான், மூடினான். முகம் சிவந்திருந்தது. மறுபடி சாவி. ஒவ்வொரு தடவையும் உதறல் மெலிந்தது. கடைசியில் ஒன்றுமே அசையவில்லை. பேட்டரி உட்கார்ந்துவிட்டது.

போதும், அவ்வளவுதான், முடிந்தது என்று காதுக்காரர் மூச்சுவிட்டார்.

மேனேஜர் டிஸ்ட்ரிபியூட்டரைக் காட்டி எதையோ கேட்டார். மாப்பிள்ளை தலையை ஆட்டினான். வயரெல்லாம் நேற்றே பார்த்தாகிவிட்டது என்பதுபோலக் கையை விரித்தான். பிறகு தூணைப் பார்த்து, காதுக்காரரைக் காட்டி, ஒரு புன்னகையோடு என்னவோ சொன்னான். மேனேஜர் சமாதானமானார். என்ன சொன்னான்? அந்த வார்த்தைகள் முன்பும் வரவில்லை, இப்போதும் வரவில்லை. நழுவிய பல்லில் எங்கோ விழுந்துவிட்டன.

மாப்பிள்ளை இருக்கைக்குப் பின்னாலிருந்து ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை எடுத்தான்.

கையால் சுற்றி என்ஜினைக் கிளப்பும் இரண்டடி இரும்பு. பம்பருக்கு நடுவில் இருக்கும் துளையில் அதைச் செருகினான். காலை அகட்டி நின்றான். குனிந்தான்.

முறை மாறிய என்ஜினில் ஹேண்டில் போட்டால் என்ன ஆகும் என்று காதுக்காரருக்குத் தெரியும். அந்தத் தெருவில் அவரைவிட நன்றாக அது தெரிந்தவர் கிடையாது. மூன்று வெடிக்க வேண்டிய நேரத்தில் ஆறு வெடிக்கும். ஆறின் பிஸ்டன் அப்போதுதான் மேலே ஏறிக்கொண்டிருக்கும். பாதி வழியில் அதை நெருப்பு கீழே தள்ளும். என்ஜின் பின்பக்கமாகச் சுழலும். ஹேண்டில் திருப்பி அடிக்கும்.

அப்போதுதான், அப்போதுதான், அவர் அந்தச் சத்தத்தை மறுபடி கேட்டுப் பார்த்தார். நினைவில். மெக்கானிக்காக. தளர்ந்த ஆணி இடது பக்கமா வலது பக்கமா என்று கேட்டே சொன்னவர், அது எந்த இடத்துச் சத்தம் என்று கேட்டுக்கொள்ளவே இல்லை. சாலையின் சத்தம் திறந்திருக்கும், ஓடிவிடும். இது ஓடவில்லை. மேலே போய் முட்டித் திரும்பி விழுந்தது. அலறலின் விளிம்பில் ஒரு அதிர்வு இருந்தது.

தகரம்.

மேலே பார்த்தார். ஆணி ஓட்டைகளில் வெளிச்சம்.

கத்தினார். "விடு மாப்ளே, கைய எடு!" வாய் திறந்தது, தொண்டை இழுத்தது, கழுத்து நரம்பு புடைத்தது. எதுவும் கேட்கவில்லை. கேட்காதுதான். தன் குரலும் முன்பே வந்து போயிருக்கும்.

யாரும் திரும்பவில்லை.

முன்பே வந்திருக்க வேண்டும். அவர் நினைவில் தேடினார். ஆட்கள் காத்து நிற்கும் அமைதி. இழுத்துப் பிடித்த மூச்சு. முக்கல். குரைப்பு. இரும்பு.

அதில் தன் குரல் இல்லை.

எங்கும் இல்லை.

அப்படியென்றால் நான் கத்தவில்லை.

கால் இருந்தது. ஆறடி தூரம். தூணிலிருந்து முதுகை எடுத்தால் போதும். முதுகு தூணில் இருந்தது. மாப்பிள்ளையின் தோள் ஏறியது. வாய் குவிந்தது.

விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹேண்டில் மறைந்தது. மாப்பிள்ளையின் தலை ஒரு பக்கமாகப் போனது, யாரோ கூப்பிட்டதுபோல. பழுது பார்க்கும் குழியின் இரும்பு விளிம்பில் விழுந்தான். எழவில்லை. கார்புரேட்டரிலிருந்து வெளிவந்த ஒரு புகைச்சுருள் மேலே போய்த் தகரத்தின் அடியில் பரவியது. வாசலைத் தாண்டி உள்ளே வந்த ஐஸ் தண்ணீர் அவன் தலைமுடியைத் தொட்டு, சிவந்து, சுற்றிக்கொண்டு போனது.

எதற்கும் சத்தமில்லை.

வீட்டுக் கதவு திறந்தது. தங்கச்சி ஓடிவந்தாள். மண்டியிட்டாள். அவன் முகத்தை இரண்டு கையிலும் எடுத்தாள். வாய் திறந்தது. அவ்வளவு பெரிதாக ஒரு வாய் திறந்து அவர் பார்த்ததில்லை. உள்நாக்கு தெரிந்தது. கழுத்து நரம்பு துடித்தது. ஒரு சின்ன ஒலிகூட இல்லை. மூடியது, திறந்தது. மூடியது, திறந்தது.

பிறகு அவள் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். நேராகக் கண்ணைப் பார்த்து, ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். ஐந்தாறு வார்த்தை இருக்கும்.

அந்த நேரத்தில் அவர் காதில் ஓர் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மழமழவென்று, ஒரு திக்கலில்லாமல், ஆறும் முறைப்படி. தகரத்தில் வெயில் சொடுக்கும் ஓசை. மேனேஜரின் செருமல். பிறகு ஒரு குரல், திருப்தியோடு, எண்ணெய் போட்டதுபோல இளகி:

"கேக்குதா சார்? அதான். நான் மாட்டுனா இப்படித்தான் ஓடும்."

பிறகு அந்தக் குரல் சிரித்தது.

மண்டியிட்டிருந்த தங்கச்சியின் திறந்த வாய்க்கு எதிரே, தூணில் சாய்ந்தபடி, காதுக்காரர் தன் சிரிப்பை முழுவதும் கேட்டார்.

ஆகஸ்ட் 31, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, காதுக்காரர் வயர் மாட்டிக் கொடுத்த அந்த லாரி ஐஸ் ஏற்றிக்கொண்டு சரிவுச் சாலையில் இறங்கியது. பன்னிரண்டரைக்குக் காலியாகத் திரும்பி வந்தது. என்ஜினில் எந்தக் கோளாறும் இல்லை.